பத்தா, இருபத்தொண்ணா?

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஒருவர் இடது காலை பெஞ்சின் மேல் தூக்கி வைத்து நீட்டிக்கொண்டிருப்பார். ஓடப் போகிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டீர்களோ, ஏமாந்தீர்கள். நான் அறிந்து ஐந்து வருஷமாக அதே இடது கால்தான். வலது காலின் முறை வருவதற்குள் யாராவது அகப்பட்டுவிடுவார்கள்.

"சார், ஒரு அபிப்பிராயம். ஜனவரி மாரத்தான்ல பத்து பண்ணலாமா, இருபத்தொண்ணு பண்ணலாமா?"

அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. யாரும் சொல்வதில்லை. "பத்தா இருபத்தொண்ணா வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்போம்.

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதில் பாதி 21.0975. நாமெல்லாம் வாய்க்கு வசதியாக இருபத்தொண்ணு என்று நிறுத்திக்கொள்வோம். அவர் அந்த மிச்சத் தொண்ணூற்றேழரை மீட்டருக்கும் தலபுராணம் வைத்திருக்கிறார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரச குடும்பத்து மேடைக்கு எதிரே முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அந்த ஓட்டத்தின் தூரம்தான் 1921-இல் எல்லோருக்கும் விதியானது. "ராணி உக்காந்த இடத்துல முடிச்சுட்டுப் போயிட்டான் சார், இன்னிக்கு நம்ம முட்டி இல்ல அழுவுது!" அவருடைய முட்டிக்கு அழ இதுவரை சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. அமிர்தாஞ்சனம் கண்டவர் பெயரில் இருக்கும் பூங்கா. முட்டியைப் பற்றிப் பேச இடம் என்னவோ பொருத்தம்தான்.

வாதங்களில் ஓட்டை கிடையாது. பத்துக்கு எட்டு வாரப் பயிற்சி போதும், வாரத்தில் மூன்று நாள் ஓடினால் ஆயிற்று. ஆனால் பத்து என்றால் நேரம் கேட்பார்கள். ஒன்றேகால் மணி என்று இவர் சொன்னால், மாடி வீட்டுப் பையன் ஐம்பது நிமிஷம் என்பான். இருபத்தொண்ணில் அந்த வம்பில்லை. முடித்தீர்களா என்பதோடு விட்டுவிடுவார்கள். மூன்று மணி நேரம் ஆனாலும் கழுத்தில் பதக்கம். பொய் சொல்லக் கூடாது, விஷயம் தெரிந்த பேச்சுதான். குட்டி ஓட்டம் மூச்சைப் பிடுங்கும், நீள ஓட்டம் பொறுமையைப் பிடுங்கும். ஆனால் இருபத்தொண்ணுக்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும். ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பதினாறு கிலோமீட்டர் வரை கொண்டுபோக வேண்டும். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூரி கிழங்கு. இந்த இடத்துக்கு வந்தால் குரல் தானாக இறங்கிவிடும்.

ஒருதரம் ஏறக்குறைய இருபத்தொண்ணு என்று முடிவாகிவிட்டது. வீட்டம்மா கெடுத்தார்கள். "பத்துன்னா பத்தையும் முழுசா ஓடினார்னு சொல்லிக்கலாம். ஹாஃப்னா, ஏன் பாதியிலேயே வந்துட்டார்னு சம்பந்தி வீட்ல கேப்பாங்களே!" மனுஷர் மூன்று நாள் பூங்காவுக்கே வரவில்லை.

பூங்காவைச் சுற்றி வரும் எங்களுக்கெல்லாம் ஷூ. அவர் காலில் மட்டும் ரப்பர் செருப்பு. ஷூ இல்லாமல் இல்லை, இரண்டு ஜோடி இருக்கிறது. வேகத்துக்கென்று லேசாக ஒன்று, தூரத்துக்கென்று மெத்து மெத்தென்று ஒன்று. எந்த ஓட்டம் என்றே தீராதபோது எதைப் போடுவது? இரண்டும் அட்டைப் பெட்டிக்குள், டிஷ்யூ காகிதம்கூடக் கலையாமல் இருக்கின்றன.

அக்டோபர் நடுவில், சரியாகப் பன்னிரண்டு வாரம் இருக்கும்போது, "கொலு முடியட்டும்" என்பார். பிறகு தீபாவளி முடியட்டும். அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். நவம்பரில் எட்டே வாரம் மிஞ்சும்போது இருபத்தொண்ணு தானாக உதிர்ந்துபோய், பத்து ஒன்றுதான் பாக்கி. யாராயிருந்தாலும் அன்றைக்கே பெயர் கொடுத்துவிடுவார்கள். இவருக்கோ சந்தேகம். "வேற வழியில்லாம எடுக்கறது ஒரு முடிவா சார்?" டிசம்பரில் சபாக்கள் களைகட்டிவிடும். சபா கேன்டீன் வாசலில் சாயங்காலம் அவரைப் பார்த்தேன். கூட இருந்தவரிடம் ரவா தோசையா, அடை அவியலா என்று யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஜனவரியில் நான் பத்து ஓடினேன். எட்டாவது கிலோமீட்டரில் நாக்கு வெளியே தொங்க வந்துகொண்டிருந்தபோது, சாலையோரம் கையில் வாழைப்பழச் சீப்போடு அவர். என்னைப் பார்த்ததும் செருப்பு சப்புச் சப்பென்று அடிக்கக் கூடவே ஓடிவந்தார். ஒரு நூறு மீட்டர் இருக்கும். அவரைக் கேட்டால் தொண்ணூற்றேழரை என்பார். ஒரு பழத்தை உரித்து என் கையில் திணித்தார்.

"எட்டுதானே ஆச்சு? இப்பவே இருபத்தொண்ணு கூட்டத்துல போய்ச் சேந்துக்கலாமா சார்? அவசரமில்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."