460 குதிரைகளும் ஒரு வளைவும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிற அளவுக்குக் காசு சேரும் வயதும், அதற்குள் குனிந்து ஏற முடியாத வயதும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே வருடத்தில்தான் வருகின்றன. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கும் என் மச்சினனுக்கும் அப்படித்தான். வீட்டுக் கடன் பாதி அடைந்திருந்தது. பெண் கல்லூரிக்குப் போக இன்னும் சில வருடம் இருந்தது. முதுகுக்கு டாக்டர் பெல்ட் எழுதிக் கொடுத்திருந்தார். "அத்தான், இப்ப விட்டா அப்புறம் எப்ப?" என்றான்.

சலித்து எடுத்ததில் 2019 மாடல் வண்டிகள் இரண்டு மிஞ்சின. ஒன்று ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.: 5 லிட்டர், எட்டு சிலிண்டர், 460 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 1,700 கிலோ. இன்னொன்று மாஸ்டா மியாட்டா: 2 லிட்டர், நாலு சிலிண்டர், 181 குதிரைத்திறன், எடை 1,060 கிலோ சொச்சம்.

எண்களைச் சொன்னதுமே வீட்டில் விவாதம் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த என் மாமியார்கூடத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நானூத்தி அறுபது ஒண்ணு, நூத்தி எண்பத்தொண்ணு ஒண்ணு. இதுல என்னல யோசனை?"

மாமியாரைக் குறை சொல்ல முடியாது. குதிரைத்திறன் என்ற அளவே விற்பனைக்காகப் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜின் விற்கப் போன இடத்திலெல்லாம் வேலை செய்துகொண்டிருந்தது குதிரை. "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்தால் அது ஒரு குதிரை என்று வாட் கணக்கு வைத்தார். சாதாரணக் குதிரை நாள் முழுக்க அவ்வளவு இழுக்காது. ஆனால் குதிரை வந்து ஆட்சேபிக்கவா போகிறது? அன்று முதல் இன்று வரை விற்கிறவர் சொல்வதும், வாங்கியவர் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதும் அந்த எண்ணைத்தான். காரின் பேலன்ஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. "முன்னால் 50, பின்னால் 50 என்று எடையைப் பிரித்திருக்கிறார்கள்" என்று பெருமையாகச் சொல்லிப் பாருங்கள். "ரெண்டுமே அம்பதுதானா?" என்று அனுதாபப்படுவார்கள்.

முதலில் மஸ்டாங்கை ஓட்டிப் பார்க்கப் போனோம். விற்பனையாளர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பின்சீட். மஸ்டாங்குக்குப் பின்சீட் உண்டு என்பது காகிதத்தில் உண்மை. முழங்காலை முகவாய்க்கு முட்டுக் கொடுத்து அந்த உண்மையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். 880 ஃப்ரீவேயில் ஏறும் சரிவில் மச்சினன் காலை அழுத்தினான். பொய் சொல்லக் கூடாது, அடுத்த நாலு விநாடி சொர்க்கம்தான். ஐந்தாவது விநாடியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு பிரேக் விளக்குகள். மாலை ஐந்து மணி. 460 குதிரைகளும் ஒரு காய்கறி லாரிக்குப் பின்னால் அடக்கமாக நடந்தன. சாலை காலியாக இருந்தாலும் சட்டப்படி மணிக்கு 65 மைல்தான். அதை இந்த வண்டி இரண்டாம் கியரிலேயே தாண்டிவிடும். மீதி நாலு கியரும் பெட்ரோலை மிச்சம் பிடிக்க.

திரும்பும்போது சிக்னலில் பக்கத்தில் ஒரு டெஸ்லா வந்து நின்றது. அதன் தொழிற்சாலையே ஃப்ரீமாண்டில்தான் இருக்கிறது என்பதால் தெருவுக்கு நாலு டெஸ்லா. பின்னால் குழந்தை சீட், ஓட்டுகிற அம்மாவின் பக்கத்தில் பால் கேன். பச்சை விழுந்ததும் எங்கள் வண்டி உறுமியது, அவர் போய்விட்டார். பந்தயம் நடந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் என்ற அந்த வகை, 60 மைல் வேகத்தை மூன்று விநாடி சொச்சத்தில் தொட்டுவிடும். பால் வாங்கப் போகிற வண்டியிலேயே இவ்வளவு சக்தி வந்துவிட்ட பிறகு, சக்திக்காக மட்டும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது ஏன் என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது.

பேலன்ஸ் எதற்கு என்று புரிய டயரைப் பார்க்க வேண்டும். கார் தரையைத் தொடுவது நாலே இடத்தில், ஒவ்வோர் இடமும் உள்ளங்கையளவு. என்ஜின் எவ்வளவு பெரியதானாலும் அதன் சாமர்த்தியம் இந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் தரைக்கு வர வேண்டும். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகமெடுப்பது என்று எல்லாச் செலவும் அதிலிருந்தே. வளைவில் மொத்தச் சம்பளத்தையும் திரும்புவதற்கே செலவழித்துக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் துண்டு விழும். டயர் கடன் கொடுக்காது. முன் டயர் திவாலானால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகவே போகும். பின் டயர் திவாலானால் வால், தலையை முந்தப் பார்க்கும். எடை கூடக் கூடச் செலவு கூடுகிறது. நல்ல பேலன்ஸ் உள்ள காரில் நாலு டயரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கையை விரிக்கும். விரிப்பதற்கு முன்பே ஸ்டீயரிங் வழியாகவும் சீட் வழியாகவும் தகவல் சொல்லிவிடும்.

1989-இல் சிகாகோ கண்காட்சியில் முதல் மியாட்டா வந்தபோது அதில் இருந்தது 116 குதிரைத்திறன்தான். என்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, எடையை நடுவில் குவித்திருந்தார்கள். 2016-இல் பத்து லட்சமாவது வண்டியைத் தயாரித்தார்கள். இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் மியாட்டாவை ஒரு சனிக்கிழமை இரவல் கொடுத்தார். ஒரு காலை விட்டு, இடுப்பைக் கீழே போட்டு, தலையை உள்ளிழுத்து, இன்னொரு காலைக் கையால் தூக்கி வைத்தேன். டம்பார்ட்டன் பாலத்தில் பக்கத்தில் வந்த லாரியின் சக்கர நட்டுகள் என் காது மட்டத்தில் சுற்றின. உட்சைட் தாண்டி 84-ஆம் நெடுஞ்சாலை மலையேறத் தொடங்கியதும் கதை மாறியது. வளைவுக்கு முன் பிரேக், இரண்டாம் கியர், மூக்கு உள்ளே திரும்பியது, வால் மறுபேச்சில்லாமல் பின்தொடர்ந்தது. என்ஜின் தொண்டை கிழியக் கத்தியது. பறக்கிறோம் என்று நினைத்து மீட்டரைப் பார்த்தால் 40 மைல்! 181 குதிரைகளில் ஒன்றுகூடச் சும்மா இல்லை. மச்சினன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். சாஃப்ட்வேர் வேலைக்குப் போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மேலே ஸ்கைலைன் சாலைச் சந்திப்பில் ஆலிஸஸ் ரெஸ்டாரண்ட் இருக்கிறது. பைக், கார் பைத்தியங்கள் வாரக் கடைசியில் கூடும் இடம். அங்கே யாரும் எங்களிடம் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கவில்லை. "என்ன டயர் போட்டிருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்டார்கள்.

சக்தியை முதலில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போவில் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. டர்போ கொஞ்சம் யோசித்துவிட்டு மொத்தமாக உதைக்கும். பயந்து வளைவின் நடுவில் காலை எடுத்தால் வால் வெளியே வீசும். மனைவியை விதவையாக்கும் வண்டி என்றே அதற்குப் பட்டப்பெயர். 1992-இல் வந்த டாட்ஜ் வைப்பருக்கு 8 லிட்டர், 10 சிலிண்டர், 400 குதிரைத்திறன், ஏ.பி.எஸ். கிடையாது, ஏர்பேக் கிடையாது, கதவுக்கு வெளிக் கைப்பிடிகூடக் கிடையாது. ஏறுமுன் யோசிக்க அவகாசம் கொடுத்தார்கள் போலும். எதிர்க்கோடியில் 2012-இல் டொயோட்டா 86 வந்தது: 200 குதிரைத்திறன், அதோடு ப்ரியஸ் காருக்குப் போடுகிற ரக டயர். மெதுவான வேகத்திலேயே வண்டி விளையாட வேண்டும் என்று தெரிந்தே செய்த காரியம். பலம் போதாது என்ற முணுமுணுப்பு தாங்காமல் அடுத்த மாடலில் என்ஜினை 2.4 லிட்டராக்கினார்கள்.

சக்திக்கும் நியாயம் உண்டு. ஃப்ரீவேயில் நுழையும்போதும் ஏற்றத்தில் முந்தும்போதும் அதுதான் காப்பாற்றும். பேலன்ஸ் கட்சிக்காரர்களோடு சாப்பிடப் போவதும் சிரமம். டயரின் காற்றழுத்தத்தைப் பேசி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

வாங்கியது மியாட்டாதான். வீட்டில் அமளி. டிக்கி 130 லிட்டர். அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று அவன் மனைவி கேட்டாள். "ரெண்டு பேருக்குத்தான் இடமா? அப்ப நான்?" என்றார் மாமியார். இரண்டே சீட் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று பிறகுதான் தெரிந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே வண்டியில் போகவே முடியாது. மாமியாரை முதலில் லிவர்மோர் கோயிலுக்கு அழைத்துப் போனான், நைல்ஸ் கேன்யன் வளைவுகள் வழியாக. ஊரில் மாஞ்சோலை மலைக்குப் போகும் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே பயணம் செய்கிறவர் அவர். திரும்பி வந்து இறங்கியதும் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தபடி என்னிடம் சொன்னார்: "வயித்தைப் பெரட்டவே இல்லையே மாப்பிள்ளை!" இதைவிட நடுநிலையான வாகன விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

ஆகவே, ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களே, முதலில் வளைவுள்ள சாலையில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் டயரை விசாரியுங்கள். குதிரைகளைக் கடைசியாக எண்ணிக்கொள்ளலாம். சக்தி போதவில்லை என்றால் மியாட்டாவுக்கு டர்போ மாட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. மஸ்டாங்கிலிருந்து 600 கிலோவைக் கழற்றித் தருகிற கடை எங்கேயும் இல்லை.