நான்கு நிமிடமும் நக்கவாரத்து மேகமும்

வானத்தைப் படம் பிடிக்கக் கேமரா வேண்டும், பொறுமை வேண்டும், மேகமில்லாத வானம் வேண்டும். கேமராவைக் காசு கொடுத்து வாங்கலாம். பொறுமை பழகப் பழக வரும். வானத்தை மட்டும் லண்டன் ராயல் சொசைட்டியாலேயே ஏற்பாடு செய்ய முடியவில்லை. நிக்கோபாரில் உள்ள கமோர்ட்டா தீவு அதற்குச் சாட்சி.

கமோர்ட்டாவுக்கு வெள்ளைக்காரத் தொல்லை புதிதல்ல. அதற்கு முன்னால் நம்மவர் தொல்லையும் இருந்தது. ராஜேந்திர சோழன் தன் மெய்க்கீர்த்தியில், வென்ற ஊர்களின் பட்டியலில் மாநக்கவாரம் என்ற பெயரில் நிக்கோபாரையும் சேர்த்துக்கொண்டான். 1756இல் தரங்கம்பாடியிலிருந்து டென்மார்க்காரர்கள் கிளம்பிப் போய், தீவுகளுக்குத் தங்கள் ராஜா பிரெடெரிக்கின் பெயரைச் சூட்டினார்கள். ராஜா பெயருக்குக் கொசுக்கள் மரியாதை கொடுக்கவில்லை; போனவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். 1778இல் ஆஸ்திரியாக்காரர்கள் வந்து மகாராணி மரியா தெரேசாவின் பெயரை ஒரு தீவுக்கு வைத்தார்கள். ராஜ்யம் போய்விட்டது, தெரேசா என்ற பெயர் மட்டும் இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. கடைசியாக 1869இல் பிரிட்டிஷார் வந்து, கமோர்ட்டாவில் கைதிகள் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆக, இந்தத் தீவுக்கு வெளியார் யாரும் ஆசைப்பட்டு வந்து தங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அப்படிப்பட்ட இடத்துக்கு 1875இல் திடீரென்று மவுசு வந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி முழு சூரிய கிரகணம். நிலவின் நிழல் இந்துமாக்கடலைக் கடந்து நிக்கோபார் வழியாகச் சயாமுக்குப் போகும் என்று கணக்குச் சொன்னது. பட்டப்பகலில் நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக இரவு. அப்போதுதான் சூரியனைச் சுற்றியுள்ள கரோனா தெரியும். அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துத் தகட்டில் பிடித்தால் அது எதனால் ஆனது என்று சொல்லிவிடலாம் என்பது வானியலாளர் நார்மன் லாக்கியரின் திட்டம். ராயல் சொசைட்டி இரண்டு குழுக்களை அனுப்பியது. ஒன்று சயாமுக்கு, மற்றொன்று கமோர்ட்டாவுக்கு. லாக்கியர் மட்டும் போகவில்லை.

கமோர்ட்டா கோஷ்டிக்குத் தலைவர் ராஃபேல் மெல்டோலா, 25 வயது வேதியியலாளர். கல்கத்தாவிலிருந்து கேப்டன் வாட்டர்ஹவுஸ். இவர் சர்வே ஆபீசின் புகைப்பட நிபுணர். 1871 கிரகணத்தைத் தொட்டபெட்டா உச்சியில் படம் எடுத்தவர், 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்ததை ரூர்க்கியில் எடுத்தவர். இரண்டுக்கு இரண்டு வெற்றி. பெர்லினிலிருந்து ஹெர்மன் ஃபோகல் வந்தார். அக்காலத்துத் தகடுகளுக்கு நீலம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பச்சை, மஞ்சள், சிவப்பெல்லாம் அவற்றுக்கு வெறும் இருட்டு. தகட்டில் கொஞ்சம் சாயம் கலந்தால் அந்தக் குருட்டுத்தனம் குறையும் என்று 1873இல் கண்டுபிடித்தவர் இந்த ஃபோகல். அந்த வேலைக்கு ஈயோசின் என்ற சாயம் நன்றாக உதவும் என்று அதே 1875இல் கண்டவர் வாட்டர்ஹவுஸ். மெல்டோலாவோ பிற்பாடு ஒரு நீலச் சாயத்துக்கே தன் பெயரைக் கொடுத்தவர். உலகத்தின் சாயப் புலிகள் மூவரை ஒரே தென்னந்தோப்பில் கொண்டுவந்து இறக்கியாயிற்று.

வேலை லேசானதல்ல. ஈரத்தகட்டு முறை என்றால் இப்படி: கண்ணாடியைத் துடைத்து, கொலோடியனை ஊற்றி, நாலு மூலைக்கும் வழியவிட்டு, இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, சொட்டச் சொட்டக் கேமராவில் செருக வேண்டும். விரலெல்லாம் கறுப்பு, சோப்புப் போட்டாலும் போகாது. தகடு காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். லண்டனில் அதற்குப் பத்து நிமிடம் கிடைக்கலாம். நிக்கோபார் வெயிலில் அந்தச் சலுகை ஏது? கரோனா படத்துக்குச் சில விநாடிகள் போதும். அதன் நிறமாலையோ மிகவும் மங்கல். கிரகணத்தின் பெரும்பகுதியையும் ஒரே தகட்டுக்குத் தாரை வார்க்க வேண்டும். அதனால் யார் மூடியைத் திறப்பது, யார் விநாடி எண்ணுவது, யார் தகடு மாற்றுவது என்பதெல்லாம் முன்கூட்டியே பங்கு பிரித்தாக வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஆள் பிரிப்பதைப் போலத்தான்.

ஏப்ரல் 6 வந்தது. பந்தி தயார், இலை தயார். மாப்பிள்ளை முகத்தைக் காட்டவில்லை. நிலவு குறித்த விநாடியில் சூரியனை மறைத்தது. இருவரையும் சேர்த்து மேகம் மறைத்தது. நான்கு நிமிடம் இருட்டியது, வெளுத்தது, முடிந்தது. கரோனா படம் ஒன்றுகூட இல்லை. வாட்டர்ஹவுஸ் கல்கத்தா திரும்பி அறிக்கை எழுதி அச்சிட்டார். சர்க்கார் உத்தியோகத்தில் சூரியன் வராவிட்டாலும் அறிக்கை வந்துவிட வேண்டும்.

சயாம் கதை வேறு. 1868 கிரகணத்தைத் தானே கணித்து, காட்டுக்குள் முகாம் போட்டு, வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டியவர் மன்னர் மோங்குட். கணிப்பு பலித்தது, காட்டுக் காய்ச்சலும் பலித்தது. சில வாரங்களில் மன்னர் காலமானார். அதே காய்ச்சலில் படுத்துப் பிழைத்த மகன் சூலாலங்கோர்ன்தான் அப்போது ராஜா. வேறு யாராக இருந்தாலும் கிரகணம் என்றதும் கதவைச் சாத்தியிருப்பார்கள். இவர் ராயல் சொசைட்டிக்கு அழைப்பு அனுப்பினார். அங்கே போன கோஷ்டிக்குத் தலைவர் ஆர்தர் ஷுஸ்டர், வயது 23. அவருக்குக் கரோனா படமும் கிடைத்தது, நிறமாலைப் படமும் கிடைத்தது. அனுபவசாலிகளுக்கு மேகம், பொடியனுக்குச் சூரியன்.

இதில் நிக்கோபார்க்காரர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. கமோர்ட்டாவை ஒட்டிய நான்கௌரிப் பக்கத்து வீடுகளில் படப் பலகைகள் வைத்திருந்தார்கள். பேய் பிசாசு அண்டாமல் இருக்க. அவற்றில் சூரியனும் சந்திரனும் ஜோடியாக இருந்தார்கள். சூரியனையும் சந்திரனையும் ஒரே படத்தில் பிடிக்கக் கடல் தாண்டி வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். அந்தப் படம் உள்ளூரில் வீட்டுக்கு வீடு இருந்தது.

ஆனால் அந்தச் சாயப் புலிகளை அடியோடு கழித்துக்கட்ட முடியாது. 1880இல் வானியலாளர் ஹென்றி டிரேப்பர் நியூயார்க் அருகே ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் திறந்து வைத்துப் படம் எடுத்தார். காய்ந்துவிடுமே என்ற கவலை இல்லாத உலர் தகடு வந்ததால் அது முடிந்தது. ஆனால் சிவப்பு அதற்கும் இருட்டுதான். நெபுலாக்களின் ஹைட்ரஜன் சிவப்பு பின்னாளில் ஃபிலிமில் பதிந்ததற்கு, ஃபோகல் தொடங்கி வைத்த சாய வித்தைதான் காரணம். கமோர்ட்டாவில் தோற்றவரின் சரக்குதான் நூறு வருடம் வானத்தில் ஓடியது.

இன்றைக்கும் ஃபிலிம் சுருளும் டிரைபாடுமாக அந்தமானுக்குக் கப்பலேறும் பைத்தியங்களுக்கு ஒரு வார்த்தை. நிக்கோபார் பழங்குடிப் பகுதி, சிறப்பு அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ஷஹீத் த்வீப் (பழைய நீல்), ஸ்வராஜ் த்வீப் (பழைய ஹேவ்லாக்) தீவுகளோடு திருப்திப்படுங்கள். மே மாதம் மழை பிடித்துவிடும்; ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில், அமாவாசையை ஒட்டிப் போங்கள். ஒரே ஒரு ராத்திரியை நம்பித் திரும்பு டிக்கெட் எடுக்காதீர்கள். கிரகணத்துக்குப் போனவர்களுக்கு மறுநாள் என்ற ஒன்று கிடையாது. நட்சத்திரத்துக்குப் போகிற உங்களுக்கு உண்டு.