மடக்குக்கத்தியின் விலையும் உடையவரின் தயக்கமும்: ஓர் ஆய்வு

மடக்குக்கத்திகளை விலைப்படி தரம் பிரிக்கும் முயற்சிகள் இதுவரை ரூபாயையும் டாலரையும் அளவுகோலாகக் கொண்டே நடந்து வந்திருக்கின்றன. இது முறையியல் பிழை. ரூபாய் ஏறும், இறங்கும். சுங்கவரி கூடும், குறையும். ஆடித் தள்ளுபடியில் எல்லாமே தலைகீழாகும். அறிவியலுக்கு மாறாத அளவை ஒன்று வேண்டும். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் கொய்யாப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், கத்தி இருக்குமா?" என்று கேட்கிறார். கேள்வி முடிந்ததிலிருந்து கத்தி அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை கழியும் நேரமே அந்தக் கத்தியின் உண்மை விலை என்பது இக்கட்டுரையின் துணிபு.

அந்த நேரத்தை எதில் அளப்பது? நம்மிடம் பழுதில்லாத அளவை ஒன்று ஈராயிரம் ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால். எழுத்தை அளந்த கோலால் தயக்கத்தையும் அளப்பதில் தொல்காப்பியருக்கு ஆட்சேபம் இராது என்று கொள்க.

அற்றேல், வீட்டில் அரிவாள்மணை இருக்க மடக்குக்கத்தி எதற்கு எனின், அரிவாள்மணை சட்டைப்பையில் அடங்காது என்க. இந்தத் தடைக்கு இதற்கு மேல் விடை தேவையில்லை.

முன்வரலாற்றையும் தொட்டுச் செல்ல வேண்டும், இல்லாவிட்டால் நெறியாளர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த, எலும்புப் பிடி போட்ட மடக்குக்கத்தி கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்து வெள்ளிக் கருவி ஒன்று இருக்கிறது. கரண்டி, முள்கரண்டி, கத்தி, குத்தூசி எல்லாம் ஒரே பிடியில் மடங்கும், காலம் கி.பி. 3ஆம் நூற்றாண்டு. நம் பக்கத்தில் மடக்கெழுத்தாணி இருந்தது. மரத்திலோ தந்தத்திலோ மாட்டுக்கொம்பிலோ செய்த பிடி. ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலையை வாரிச் சீராக்கும் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கும். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் இதை விவரித்திருக்கிறார். பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தில் செய்த பலகருவிக் கத்திக்கு இதுவே மூலம் என்று நிறுவிவிட இந்த ஆய்வாளருக்கும் ஆசை உண்டு. சுவிஸ் கொல்லர் கும்பகோணம் வந்துபோனதற்குச் சான்று கிடைக்காததால் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். சான்றில்லாமலே நிறுவுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். அந்தத் துறையில் எனக்குப் போட்டி போட விருப்பமில்லை.

இனி நூல்.

அடித்தட்டில் இருப்பது நகவெட்டியோடு ஒட்டிப் பிறந்த கத்தி. ரயிலில் பூட்டு, சீப்பு, காது குடையும் கரண்டி விற்பவரிடம் 30, 40 ரூபாய்க்குக் கிடைப்பது. தகடு மெல்லியது, முனை மழுங்கியது, பூட்டும் அமைப்பு கிடையாது. கொய்யாவை வெட்டாது, ஆனால் கொய்யாவை வற்புறுத்தும். இதன் உடையவர் கேள்வி முடிவதற்குள்ளேயே நீட்டிவிடுகிறார்: கால் மாத்திரை, அதாவது மகரக்குறுக்கம். திரும்ப வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் மகிழ்ச்சி. தத்துவார்த்தமாகப் பார்த்தால் பற்றற்ற நிலைக்கு மிக அருகில் நிற்பது இந்தக் கத்திதான். இந்த ஆய்வாளருக்கு அந்த நிலை வேண்டாம், வெட்டுகிற கத்தி வேண்டும்.

அடுத்த தட்டு உழைப்பாளிகளின் கத்தி. ஒவ்வொரு நாட்டிலும் குடியானவனும் பள்ளிப்பிள்ளையும் வாங்கக்கூடிய விலையில் ஒரு கத்தி இருந்திருக்கிறது. பிரான்சின் தியேர் நகரத்தில் 1929 முதல் செய்யப்படும் டூக்டூக், மெலனீசியத் தீவுகளில் விற்க என்று மெலனீசிய ஆவி உருவம் பொறித்துச் செய்யப்பட்டது, அல்ஜீரியாவில் புகழ்பெற்றது. ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமிக்கு வளைத்த தகடுதான் பிடி. பித்தளைப் பிடியும் உண்டு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் திறக்க வேண்டும். விரலை எடுத்தால் கத்தி மடங்கும். ஆகவே விரலே பூட்டு. ஒரு தலைமுறை ஜப்பானியப் பிள்ளைகள் இதில்தான் பென்சில் சீவினார்கள். 1960இல் சோசலிஸ்ட் தலைவர் அசானுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொலைக்கருவி ஒரு குறுவாள். அதன்பின் நாடெங்கும் பிள்ளைகள் கையிலிருந்து கத்தியைப் பறிக்கும் இயக்கம் எழுந்தது. குறுவாள் செய்த குற்றத்துக்குப் பென்சில் சீவும் கத்தி தண்டனை அனுபவித்தது. நீதி நிர்வாகத்தைப் பற்றி வேறொரு கட்டுரை எழுத இது போதும்.

ஆனால் இந்தத் தட்டின் அரசன் ஓபினெல். பிரெஞ்சு ஆல்ப்ஸின் சவாய் வட்டாரத்தில், இளைஞரான ஜோசப் ஓபினெல் தன் தகப்பனாரின் பட்டறையில் 1890இல் செய்தது. 1897இல் 1 முதல் 12 வரை எண் கொடுத்து வரிசையாக வெளியிட்டார். 1935இல் 1ஆம் எண்ணும் 11ஆம் எண்ணும் கைவிடப்பட்டன. முன்னது மிகச் சிறிது. பின்னது 10க்கும் 12க்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. பீச் மரப் பிடி, அலகு, தறையாணி, வளையம்: நாலே உறுப்பு. 1955இல் வளையத்தின் மேல் இன்னொரு சுழல் வளையம் வந்தது. அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் சேர்க்க எதுவும் இல்லை என்பதை அந்தக் குடும்பம் புரிந்துவைத்திருந்தது. இன்றைய பொறியாளர்களுக்கு வாய்க்காத ஞானம் இது.

ஓபினெலுக்குக் குணக்கேடுகள் உண்டு. மழைக்காலத்தில் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் நெம்பினாலும் வராது. சவாய்க்காரர்கள் பிடியின் அடிப்பாகத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகு வெளியே எட்டிப் பார்க்கும். கார்பன் எஃகு ரகத்தில் மாங்காய் வெட்டினால் புளிப்புப் பட்டு அலகு கறுக்கும். ஈரத்தோடு மடக்கினால் காலையில் துரு. ஆனால் மெல்லிய அலகு. சாணைக்கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறும். தக்காளியை அழுத்தாமல் வெட்டும் மடக்குக்கத்தி விலை உயர்ந்தவற்றிலும் குறைவு. விலை, ஊரில் இரண்டு பேர் நல்ல ஓட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிடும் செலவை ஒட்டி நிற்கும். தயக்கம்: ஒரு மாத்திரை. அதுகூடக் கொடுக்க மனமில்லாமல் அல்ல, "வளையத்தைத் திருகிப் பூட்டிக்கிட்டு வெட்டுங்க" என்று சொல்வதற்காக.

மூன்றாம் தட்டில் சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தி. கார்ல் எல்சனர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். சுவிஸ் படைக்கு மடக்குக்கத்தி தேவைப்பட்டபோது முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனில்தான் செய்யப்பட்டது. இந்த அவமானம் பொறுக்காமல் எல்சனர் 1891இல் படைக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். 1897இல் அதிகாரிகளுக்கான கத்திக்குக் காப்புரிமை பெற்றார். அதில் தக்கைத் திருகு இருந்தது. படைவீரன் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும், அதிகாரி பாட்டிலைத் திறக்க வேண்டும் என்ற வேலைப் பகிர்வை இவ்வளவு தெளிவாக எந்தச் சமூகவியலாளரும் சொன்னதில்லை. தாயார் விக்டோரியாவின் பெயரோடு துருவேறாத எஃகின் பிரெஞ்சுச் சுருக்கமும் சேர்ந்து 1921இல் விக்டோரினாக்ஸ் ஆனது. போட்டியாளரான வெங்கர் நிறுவனத்தை 2005இல் அது வாங்கிவிட்டது.

இந்தத் தட்டில் என் தேர்வு 58 மில்லிமீட்டர் நீளமுள்ள கிளாசிக். காரணம் கத்தி அல்ல, கத்தரிக்கோல். மாத்திரைப் பட்டை, பால் பாக்கெட், சட்டையில் தொங்கும் நூல், பேரப்பிள்ளையின் நகம்: நகர வாழ்க்கையில் வெட்ட வேண்டியவற்றில் பெரும்பாலானவை கத்தரிக்கோலுக்கு உரியவை. தயக்கம் நெடில் அளவு, இரண்டு மாத்திரை. இதற்குக் காரணம் அலகு என்று முந்தைய ஆய்வாளர்கள் கருதுவார்களாயின் அது தவறு. பிடியின் ஓரத்தில் பிளாஸ்டிக் பல்குத்தி ஒன்று செருகியிருக்கிறது. கொய்யா தின்று முடித்தவர் கண்ணில் அது படும். அவர் நல்லவர், துடைத்துவிட்டுத்தான் திருப்பிச் செருகுவார். அந்தத் துடைப்பை நினைத்துத்தான் இரண்டாவது மாத்திரை செலவாகிறது.

நான்காம் தட்டு, அமெரிக்காவின் பக் 110. 1964 வாக்கில் வந்தது. முதுகுப் பக்கம் பூட்டும் அமைப்பு, பித்தளை முனைகள், கறுத்த மரம், ஏறக்குறைய 200 கிராம் எடை. வேட்டைக்காரர்கள் நிலைக்கத்தியின் உறுதி வேண்டும், நீளம் வேண்டாம் என்றார்கள். அதற்கு விடையாக வந்து ஓர் இனத்தையே தோற்றுவித்தது. தோல் உறையில் போட்டு இடைவாரில் மாட்ட வேண்டும். வேட்டி கட்டுகிறவர்கள் மடியில் செருகினால் கத்தி நிற்கும், வேட்டி நிற்காது. எனவே தமிழகத்துக்கு இதைப் பரிந்துரைக்க இயலவில்லை. தயக்கம் மூன்று மாத்திரை, உயிரளபெடை: "இருக்கே... ஏ... ஆனா கொஞ்சம் கனமா இருக்கும் சார்."

அதற்கு மேல் காற்று மெல்லியதாகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் 1980களின் இறுதியில் செபென்சா என்ற கத்தியைக் கொண்டுவந்தார். டைட்டானியப் பிடியின் ஒரு பக்கத்தையே வெட்டி வில்லாக்கி, அலகு திறந்ததும் அதன் அடியில் வந்து முட்டுக்கொடுக்கும்படி செய்தார். பூட்டுக்குத் தனி உறுப்பே இல்லை. அலகு, பொடி உலோக முறையில் ஆக்கிய எஃகு; அப்படிப்பட்ட எஃகு ஒன்றை ஆலைக்காரர்களோடு சேர்ந்து உருவாக்கியதிலும் ரீவுக்குப் பங்குண்டு. விலை 400 டாலருக்கு மேல். கழற்றித் துடைக்கத் திருகுசாவி உண்டு, மூட்டில் தடவ உயர்ந்த ரக மசகு உண்டு. வேலைத்திறனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இதன் உடையவரிடம் கொய்யாவைக் காட்டிக் கேட்டால் அவர் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார். இசையிலும் விளியிலும் பண்டமாற்றிலும் ஓசை தன் அளவு கடந்து நீளலாம் என்று நன்னூல் இடம் தருகிறது; அந்தப் பட்டியலில் செபென்சா உடையவரின் மௌனத்தையும் சேர்க்க வேண்டும். இந்தக் கத்தி வெட்டுவதெல்லாம் கூரியரில் வந்த பெட்டியின் ஒட்டுநாடாவை. பெட்டிக்குள் பெரும்பாலும் இன்னொரு கத்தி இருக்கும்.

உச்சியில் தனிக்கலைஞர்கள். உள்தகட்டுப் பூட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த மைக்கேல் வாக்கர் போன்றவர்களின் கைவேலை பல ஆயிரம் டாலருக்குப் போகும். மாமூத் யானையின் தந்தத்தில் பிடி போடுகிறவர்களும் உண்டு. அலகில் நீரோட்டம் போன்ற கோலம் இருந்தால் 'டமாஸ்கஸ்' என்பார்கள். இன்று அப்பெயரில் விற்பது பெரும்பாலும் இரு வகை எஃகை அடுக்கிக் காய்ச்சி அடித்து, அமிலத்தில் நனைத்துக் கோலம் தெரியச் செய்தது. பழைய டமாஸ்கஸ் வாளின் எஃகு வேறு. அது மூசையில் உருக்கியது, தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உலைகளும் மூசைகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. இத்தட்டின் தயக்கத்தை அளக்க இயலவில்லை; உடையவர் அந்தக் கத்தியோடு ரயிலில் வருவதே இல்லை.

புறனடையாகச் சில. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் மேற்கண்ட விதி செல்லாது. அங்கே 40 ரூபாய்க் கத்தியும் 400 டாலர் கத்தியும் ஒரே டப்பாவில் விழும், மாத்திரைக் கணக்கு கிடையாது. அமெரிக்காவில் 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கத்திகளை விமானத்தில் அனுமதிக்கலாம் என்று 2013இல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில மாதத்தில் கைவிட்டார்கள். பிரிட்டனில் பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் காரணம் சொல்ல வேண்டும். கையைக் காக்கும் பூட்டுத்தான் அங்கே குற்றத்தைக் கூட்டுகிறது.

ஒன்றே ஒன்று வாங்குவதானால் ஓபினெல் 8ஆம் எண் வாங்குங்கள். அலகு எட்டரை சென்டிமீட்டர். பொறுமை உள்ளவர்கள் கார்பன் எஃகு, மற்றவர்கள் துருவேறாத எஃகு. மாங்காய் வெட்டியதும் கழுவித் துடைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவி, ஈரம் போனபிறகு மடக்கி வையுங்கள்.