போகாத மெயிலுக்குப் பொல்லாத தாத்தா சொன்ன வழி

ஏண்டா பேராண்டி, ஆயர் குரோவுல ஏர்கோன் ரூம்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறவன், ஜாசின் பக்கம் கித்தா நிரையில காலம் கழிச்ச கிழவன்கிட்ட வந்து, "மெயில் போகல தாத்தா"ன்னு மூக்கைச் சிந்துறியே! மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போக லீவு கேட்டதா? நல்ல பக்திதான். ஆனா உன் அவுட்பாக்ஸை முருகன் வந்து தள்ளிவிட மாட்டான்.

"லைன் சரியில்ல"ன்னு மட்டும் சொல்லாதே. அதே லைன்லதான் இப்ப அரைமணி நேரமா டான்ஸ் பார்த்துக்கிட்டு இருந்தே. அவுட்லுக்ல ‘செண்ட் ரிசீவ்’ பக்கம் போ. ‘வொர்க் ஆஃப்லைன்’ அமுங்கியிருக்கா? உன் கை பட்டதுதான். எடுத்துவிடு.

அப்பவும் நகரலையா? கித்தா பால் ஸ்டோர்ல நிறுவைக்கு நிக்கிற வரிசையை நீ பார்த்ததில்ல. முன்னால நிக்கிறவ வாளி தராசுல ஏறலன்னா, பின்னால அத்தனை பேரும் வெயில்ல காய வேண்டியதுதான். உன் வரிசையில முன்னால யாரு? மச்சான் கல்யாணப் படம், 20 எம்பி! ஜிமெயில் 25 எம்பி வரைக்கும்தான் விடும். "இருபதுதானே"ன்னு மார்தட்டாதே. படத்தை எழுத்தா மாத்தித்தான் மெயில்ல ஏத்துவாங்க. மூணுல ஒரு பங்கு ஊதிடும். முதல்ல ஆஃப்லைன் போட்டுட்டு அந்த மெயிலை வெளியே இழு. அப்புறம் ஆஃப்லைனை எடுத்துவிடு. படத்தை டிரைவ்ல போட்டு லிங்கை அனுப்பு.

அவுட்பாக்ஸ்ல கிடக்கிறதைச் சும்மா சும்மா திறந்து பார்க்காதே. பழைய அவுட்லுக்ல, போகக் காத்திருக்கிற மெயில் சாய்ஞ்ச எழுத்துல நிக்கும். திறந்து மூடினா நிமிர்ந்துக்கும். நிமிர்ந்தது போகாது, மறுபடி செண்ட் தட்டணும். குனிஞ்சு நிக்கிறவனுக்குத்தான் அங்கே வழி. உன் ஆபீஸ்லயும் அப்படித்தானே?

பாஸ்வேர்டை மாத்தினியே, மெயில் மென்பொருளுக்குச் சொன்னியா? 2022 மே 30லேர்ந்து, வெறும் பாஸ்வேர்டோட வர்ற பழைய மென்பொருளை கூகுள் ஜிமெயிலுக்குள்ள சேர்க்கிறதில்ல. கூகுள் பக்கம் வழியா சைன்-இன் பண்ணு. மென்பொருள் ரொம்பக் கிழடுன்னா, ரெண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் வாங்கு. அனுப்புற சர்வருக்கு போர்ட் 25ன்னு இருக்கா? குப்பை மெயில் தொல்லை தாங்காம நிறைய இணையக் கம்பெனி அதை அடைச்சு வச்சிருக்கு. 587 போடு, இல்ல 465.

அது சரி, இதென்ன ஒரே லீவு லெட்டர் எட்டுத் தடவை? 1896ல இதே மலாக்காவுல, புக்கிட் லிந்தாங்ல தான் சாய் யான்னு ஒருத்தர் கித்தா நட்டாரு. பாலைப் பார்க்க வருஷக்கணக்கா காத்திருந்தாரு. உனக்கு அஞ்சு நிமிஷம் பொறுக்கல. அடைப்பு எடுத்ததும் எட்டும் மேனேஜர் மேல விழும். ஏழு லெட்டரை அழி. அடியில ஒண்ணு கிடக்கே, அவரைத் திட்டி நடுராத்திரி எழுதினது? அதை முதல்ல அழி. லீவு லெட்டரோட சேர்ந்து கிளம்பிடப் போகுது.

‘செண்ட் ஐட்டம்ஸ்’ பெட்டிக்குள்ள வந்துட்டா உன் வேலை முடிஞ்சுது. அந்தப் பக்கத்து சர்வர் தூங்கினாலும், இந்தப் பக்கத்து சர்வர் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துட்டுத்தான் திருப்பி அனுப்பும். திரும்பியும் வரல, பதிலும் வரலன்னா, மெயில்ல ஒரு கோளாறும் இல்ல. மேனேஜர் படிச்சுட்டாருன்னு அர்த்தம்.