பாவம் பார்த்த மல்லிகை

கேள்வி: மாசி பிறந்ததுமே எதிர்வீட்டுக் குண்டுமல்லி மொட்டு விட்டுவிட்டது. எங்கள் தோட்டத்துச் செடி இலையும் கொடியுமாகத் தழைத்துக் கிடக்கிறதே தவிர, பூவைக் காணோம். கண் பட்டிருக்குமோ?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கண் பட்ட செடி தழைக்குமா அம்மா? உங்கள் செடியில் கத்தரிதான் படவில்லை! எதிர்வீட்டார் நவம்பர் கடைசியிலேயே ஈவு இரக்கமில்லாமல் கவாத்து செய்திருப்பார்கள். நீங்கள் பாவம் பார்த்திருப்பீர்கள். மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் அரிசிமணி அளவில் மொட்டு வைக்கும். பழைய கிளையில் எத்தனை இலை இருந்து என்ன? வருகிற கார்த்திகையில் தரையிலிருந்து 50 செ.மீ. மட்டும் விட்டு வெட்டுங்கள், தொழுவுரம் வையுங்கள். நல்ல வெயில் படட்டும். வெட்ட மனசு வராவிட்டால் முகூர்த்த நாளில் பூக்கடைக்குப் போய் முழம் என்ன விலை என்று கேளுங்கள், தானாக வரும். அதுவரை எதிர்வீட்டாரோடு சண்டை மட்டும் வேண்டாம்.