கலரிப் பிள்ளை

பனி உருகி முடிந்ததும் ஒன்ராறியோவில் ரியூலிப் பூக்களும் வீதி கிண்டுகிறவர்களும் கலரிப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளியே வருவார்கள். முதலிரண்டையும் காணாமல் இருக்க முடியாது. மூன்றாவதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் ஏதாவதொரு சித்திரக்கூடத்துக்குப் போய், இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள வாசலைப் பாருங்கள். கறுப்பு உடுப்பு, எப்போதும் மறுபக்கம் திரும்பியே தொங்கும் அடையாள அட்டை, முதுகுக்குப் பின்னால் கட்டிய கை. அந்தக் கைக்குள் ஆட்களை எண்ணும் சின்னப் பொறி ஒன்று இருக்கும். நீங்கள் உள்ளே கால் வைத்தபோது 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டதல்லவா? அது நீங்கள்தான்.

இந்த இனத்தோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அக்காவின் மகளால். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடித்தவள். அவளோடு படித்ததுகள் வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் கோப்பிக் கடைக்கும் போக, இவள் ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு சித்திரக்கூடத்தில் கோடை வேலை எடுத்தாள். 'யங் கனடா வேர்க்ஸ்' என்று மத்திய அரசின் திட்டம் ஒன்று உண்டு. அருங்காட்சியகங்களும் சித்திரக்கூடங்களும் கோடையில் மாணவர்களை வேலைக்கு எடுத்தால் சம்பளத்தில் ஒரு பங்கை ஒட்டாவா கொடுக்கும். வயது 16க்கும் 30க்கும் இடையில் இருக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்த பதவியின் பெயர் 'தொகுப்புப் பராமரிப்பு, பொதுநிகழ்ச்சிகள் மற்றும் பார்வையாளர் சேவைகள் உதவியாளர்'. சம்பளம் குறையக் குறையப் பதவிப் பெயர் நீளும் என்பது இந்த நாட்டில் நான் கற்ற பொருளாதாரம்.

"அப்ப நீ அங்கை என்னதான் செய்யவேணும்?" என்று அக்கா கேட்டாள்.

"நிக்கவேணும் அம்மா."

"நிண்டு?"

"பாக்கவேணும்."

"படத்தையோ?"

"இல்லை, படத்தைப் பாக்கிற ஆக்களை."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். "உதுக்கு ஊரிலை நாங்கள் நாய் வளர்த்தனாங்கள்" என்றாள். ஆனால் அன்று பின்னேரம் மச்சாளுக்குத் தொலைபேசியில் போன செய்தி வேறு: "பிள்ளையைக் கவண்மேந்திலை எடுத்திட்டாங்கள்."

முதல் கிழமை கலரிப் பிள்ளை அழகான சப்பாத்துப் போடும். இரண்டாம் கிழமை, காலையில் பூங்காவில் நடக்கிற கிழவர்கள் போடுகிற சப்பாத்து. முதல் கிழமை, வருகிற கேள்விகளுக்கெல்லாம் கலைவரலாற்றிலிருந்து விடை தயாராக இருக்கும். வருகிற கேள்வியோ பாதிக்கு மேல் ஒன்றேதான்: ரொயிலெற் எந்தப் பக்கம்? அடுத்தது, ஏன் இப்படி இருட்டாக வைத்திருக்கிறீர்கள் என்பது. கடதாசியில் தீட்டிய நீர்வண்ணமும் கோட்டோவியமும் வெளிச்சத்தில் வெளிறிவிடும். அதனால் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். இதை அவள் எனக்கு ஐந்து நிமிடம் விளக்கினாள். நான் அதுவரை கறன்ற் காசு கட்டவில்லையாக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நிற்பதுதான் வேலை என்று நம்பியிருந்த நான், ஒரு திங்கட்கிழமை அவளை ஏற்றிவரப் போனபோது திகைத்தேன். கூடம் பூட்டியிருக்கும் நாள். பிள்ளை தரையில் முழங்காலில் இருந்து, கையில் டோர்ச்சோடு சுவர்மூலையை ஆராய்ந்துகொண்டிருந்தது. மூலைக்கு மூலை பசை தடவிய சின்ன அட்டைக்கூடு வைத்திருக்கிறார்கள். அதில் என்ன பூச்சி, எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டுமாம். "இது சில்வர் ஃபிஷ், மாமா. கடதாசியையும் பசையையும் தின்னும்" என்று ஒன்றைக் காட்டினாள். பார்த்தால் நம்முடைய இராமபாணம்! எங்கள் ஏட்டுச்சுவடிகளில் பாதியைத் தின்று ஏப்பம் விட்ட அதே பேர்வழி. நம் முன்னோர் அதற்கு இராமனின் அம்பென்று பெயர் வைத்து மரியாதை செய்தார்கள். வெள்ளைக்காரன் பசை வைத்து எண்ணுகிறான். ஓலை யாரிடம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மிச்ச வேலைகளையும் விசாரித்தேன். நைற்றைல் கையுறை போட்டுப் படம் தூக்குவது, சட்டத்தில் எந்த மூலையில் எந்தக் கீறல் என்று அறிக்கை எழுதுவது, மட்டம் பிடிப்பது, படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்துக்கும் 60 அங்குலத்துக்கும் இடையில் வருகிறதா என்று அளப்பது. எழுதுவதெல்லாம் பென்சிலால்தான். பேனா, படத்துக்குக் கிட்டப் போக அனுமதியில்லாத பிராணி. நடுவில் இரண்டு கிழமை சிறுவர் முகாம். இருபது பிள்ளைகள், பசை, மினுக்கல் தூள். அதைப் பற்றி அவள் கதைக்க விரும்பவில்லை, நானும் கேட்கவில்லை.

யூலை நடுப்பகுதியில் கலரிப் பிள்ளைக்கு அறிவு முற்றும். இந்தக் கட்டத்தில் அதோடு காரில் தனியே போவது நல்லதல்ல. ஒன்ராறியோவில் எந்தச் சித்திரக்கூடத்திலும் 'ஏழுபேர் குழு' என்ற கனடிய ஓவியர் கூட்டத்தின் வாடை இல்லாமல் இராது: பாறை, ஏரி, காற்றில் வளைந்த பைன் மரம். நான் ஏதோ தெரிந்தவன்போல, "ரொம் தொம்சன் அந்த ஏழு பேரில் ஒராள்தானே?" என்று வாய்விட்டேன். வினை! தொம்சன் 1917இல் கனூ ஏரியில் இறந்துபோனார். குழு தொடங்கியது 1920இல். செத்தவர் எப்படிச் சேருவார் என்று கிங்ஸ்ரன் வீதியிலிருந்து வீடு வரும்வரை பாடம். பிறகு ஒருவர் விலக, இடையிடையே மூவர் சேர, ஏழுபேர் குழுவில் மொத்தம் பத்துப் பேர் இருந்தார்களாம். பின் ஆசனத்தில் இருந்த அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள்: "எங்கடை கோயில் நிர்வாகசபை மாதிரி."

எல்லாக் கலரிப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் இன்னொரு விடையும் உண்டு. "உதை நானும் கீறியிருப்பன்" என்று யாராவது சொன்னால் அது தானாக வெளியே வரும். பார்னெற் நியூமன் என்ற அமெரிக்கர், 'நெருப்பின் குரல்' என்று 5.4 மீற்றர் உயரத்தில் ஒரு படம் தீட்டினார். நீலப் பட்டை, நடுவில் சிவப்புப் பட்டை, மறுபடி நீலப் பட்டை. முடிந்தது. 1967இல் மொன்றியல் உலகக் கண்காட்சியில் அமெரிக்க மண்டபத்தில் தொங்கியது. அதைக் கனடிய தேசியக் கலைக்கூடம் 17 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு வாங்கிய செய்தி 1990இல் வெளியானபோது நாடே கொதித்தது. ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி, தன் பாட்டுக்குப் பலகையில் அதே மூன்று பட்டையைப் பூசி, 'வரி கட்டுபவனின் குரல்' என்று பெயரும் வைத்தார். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கலரிப் பிள்ளை கடைசியில் மெதுவாக ஒன்று கேட்கும்: "கீறியிருப்பீங்கள். ஆனால் கீறேல்லையே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை விடை இல்லை. விவசாயியிடம் இருந்தது என்பது வேறு விஷயம்.

ஆவணியில் நோய் வீட்டுக்கும் வந்துவிட்டது. சுவரில் உள்ளதெல்லாம் அவளுக்குக் கண்ணில் குத்தத் தொடங்கியது. சாமியறை முருகன் மூன்று பாகை சரிவாம். அக்காவின் கலியாணப் படத்தில் நேர்வெயில் விழுகிறதாம். "இப்பிடியே விட்டால் பத்து வருசத்திலை அப்பா வெளிறிப்போவார்" என்றாள். "அவர் அண்டைக்கே வெளிறித்தான் நிண்டவர்" என்றாள் அக்கா. பெரிய சண்டை அப்பப்பாவின் படத்தில் மூண்டது. நம் வீடுகளில் காலமானவர்களை எங்கே மாட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும்: கூரையோடு ஒட்ட, முன்பக்கம் கொஞ்சம் சரித்து, கீழே நடமாடுகிறவர்களை அவர் கண்காணிக்க வசதியாக. பிள்ளை அளவுநாடாவும் ஏணியுமாக வந்தது.

"57 அங்குலத்துக்கு இறக்கவேணும் அம்மா. பாக்கிற ஆக்களின்ர கண்மட்டம்."

"அவர் உயிரோடை இருக்கேக்கையே ஒருத்தரும் அவரைக் கண்மட்டத்திலை பாத்ததில்லை. ஏணியை வை அங்காலை."

அப்பப்பா இன்னும் கூரையடியில்தான். சந்தனப் பொட்டுக்கு மேல் கண்ணாடியில் பென்சிலால் ஒரு சின்னக் குறி மட்டும் இருக்கிறது. அக்கா அதைக் காணவில்லை; நானும் காட்டிக் கொடுக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு விஷயத்தில் எனக்கு அவள்மீது பொறாமை. அவள் நின்ற வாசலுக்கு நேரே உள்ளங்கையிலும் கொஞ்சம் பெரிய எண்ணெய் வண்ணப் படம் ஒன்று தொங்கியது. ஏரி, இரண்டு மரம், பின்னேர வானம். வருகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பத்து விநாடி படித்து, படத்தை மூன்று விநாடி பார்த்து, போனில் பிடித்துக்கொண்டு போவார்கள். இவள் ஒரு கோடை முழுக்க அதன் முன்னால் நின்றிருக்கிறாள். இடதுபக்க மரத்தில் தூரிகையின் மயிர் ஒன்று உதிர்ந்து மையோடு ஒட்டிக்கிடக்கிறது என்று காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். கிடந்தது. அதைக் கீறிய மனிதர் அவசரத்தில், குளிரில், எடுத்துவிட நேரமில்லாமல் விட்டிருக்கிறார். "கிட்டப் போகாதீங்கோ மாமா" என்றாள்.

கடைசிச் சனிக்கிழமை அக்காவே புறப்பட்டாள். சேலை, சால்வை, இடியப்பப் பெட்டி. இடியப்பம் வாசலிலேயே தடுத்து வைக்கப்பட்டது. உள்ளே கால் வைத்ததும் 'கிளிக்'. மகள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை; கடமை. அக்கா அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள், நேரே அந்தச் சின்னப் படத்தடியில் போய் நின்றாள். பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை. நல்ல நேரம் பார்த்தாள். எனக்கே ஆச்சரியம். "வடிவாத்தான் இருக்கு" என்றாள். பிறகு சால்வைத் தலைப்பை விரலில் சுற்றி, சட்டத்தின் மேல்விளிம்பை இழுத்து ஒரு துடை துடைத்தாள்.

கோடை முழுக்க இங்கிலிசில் சொன்ன வசனத்தைப் பிள்ளை முதன்முறையாகத் தமிழில் கத்தியது: "அம்மா! தொடக்கூடாது!"

"தூசு பிள்ளை! மூண்டு மாசமாய் இதுக்கு முன்னாலை நிண்டு நீ என்னத்தைப் பாத்தனி?" என்று அக்கா சால்வையை விரித்துக் காட்டினாள். அடுத்த அறையில் நின்ற இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதியோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

விதி விதிதான். பிள்ளை சம்பவப் புத்தகத்தை எடுத்து, பென்சிலால் எழுதியது. நான் தோளுக்கு மேலால் பார்த்தேன். 'பி.ப. 2.40. பெண் பார்வையாளர் ஒருவர் சட்டத்தைத் துடைத்தார். கடுமையாக எச்சரிக்கப்பட்டது.'

யார் யாரை என்று எழுதவில்லை.