எண்பத்திரண்டு முறை ஐயுறும் மென்பொருள்

நெய்வேலி நகரியத்தின் சுரங்க நிறுவனக் குடியிருப்பைக் காலிசெய்து, அருகிலுள்ள வடக்குத்தில் சொந்த வீடு கட்டிக் குடியேறும் ஓய்வூதியர்களின் உடைமைகளுள், எறிய மனமின்றியும் போட்டுக் கேட்கக் கருவியின்றியும் லாரியேறி வருவது பாட்டு சி.டி.க்கள் அடங்கிய அட்டைப்பெட்டியே ஆகும். அத்தகடுகளின் இசையைக் கணினிக் கோப்புகளாக்கும் செயல் 'ரிப்' செய்தல் எனப்படும். நடைபாதையில் வாங்கிய, ஒரே தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைத் திணித்த எம்பி3 தகடுகள் இதில் சேரா. அவற்றில் இருப்பவை ஏற்கெனவே கோப்புகளாதலால் படியெடுத்தாலே போதும்.

1982இல் விற்பனைக்கு வந்த இசைத்தகட்டில் கோப்பு என்று எதுவும் கிடையாது. அதன் ஒரு நொடி இசை 75 துண்டுகளாக, துண்டுக்கு 2352 பைட்டுகளாகப் பதியப்பட்டுள்ளது. கணினித் தரவுத் தகடு அதே இடத்தில் 2048 பைட்டுகளை மட்டும் தரவுக்கு ஒதுக்கி, எஞ்சியதன் பெரும்பகுதியைக் கூடுதல் பிழைதிருத்தத்துக்கு வைத்துக்கொள்ள, இசைத்தகடோ அத்தனையையும் இசைக்கே செலவிட்டுவிடுகிறது. எனவே திருத்த முடியாத கீறலை எதிர்கொள்ளும் கணினியின் சி.டி. டிரைவ், விடை தெரியாத வினாவுக்கும் தாளை நிரப்பிவிட்டு வரும் மாணவனைப்போல, முன்பின் ஒலிகளை வைத்து ஊகித்து எதையேனும் தந்துவிடுகிறது.

இந்த ஊகத்தை நம்ப மறுப்பதற்கென்றே ஜெர்மானியரான ஆந்த்ரே வீட்டொஃப் 1990களின் இறுதியில் எழுதிய விண்டோஸ் மென்பொருள் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' ஆகும். நிறுவும்போது அது, வேகம் வேண்டுமா துல்லியம் வேண்டுமா என்றும், பயனர் தொடக்கநிலையாளரா வல்லுநரா என்றும் வினவுகிறது. சுரங்கத்தில் ராட்சத இயந்திரங்களை ஆண்டவருக்குத் தொடக்கநிலையாளர் என்று குறியிடக் கை கூசுமெனினும், கூசாமல் குறியிடுவதே நலம். பின்னர், கீறலற்ற அசல் தகடொன்றை இட்டு டிரைவின் குணங்களைச் சோதிக்க விடவேண்டும். படித்ததைத் தன் நினைவகத்தில் வைத்திருந்து, மறுமுறை கேட்டால் தகட்டைப் பாராமல் அதையே ஒப்பிக்கும் பழக்கம் 'கேஷ்' எனப்படும். தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் குறிப்பு 'சி2' எனப்படும். எல்லா டிரைவ்களும் அவ்வளவு யோக்கியமானவை அல்லவாதலால் அதனை நம்பாதிருப்பதே பாதுகாப்பு. ஒவ்வொரு டிரைவ் மாதிரிக்கும், பெரும்பாலும் சில நூறு ஒலிக்கூறுகள் வரை முன்பின்னாகப் படிக்கத் தொடங்கும் 'ஆஃப்செட்'டும் உண்டு. நொடிக்கு 44,100 கூறுகள் ஓடும் இசையில் இதைக் கண்டுபிடிக்கும் காது எங்குமில்லை. ஆனால் பிறர் எடுத்த படிகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் 'அக்யூரேட்ரிப்' தரவுத்தளத்துக்கு அது தெரிந்தாக வேண்டும்.

'செக்யூர்' முறையில் இம்மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இருமுறை படிக்கிறது. அவ்விரு விடைகளும் முரண்பட்டால் பதினாறு முறை மீண்டும் படித்து, எட்டு விடைகள் ஒத்தால் ஏற்கிறது. ஒவ்வாவிடில் ஐந்து சுற்றுகள் வரை தொடர்ந்து, மொத்தம் 82 முறை கேட்டுவிடுகிறது. கீறல் மிகுந்த தகட்டைக் காலையில் இட்டால், முதல் ஷிப்டு முடிந்து ஆள் வீடு திரும்பும்போதும் அது படித்துக்கொண்டிருக்கக் கூடும். முடிவிலும் தேறாத பகுதியைச் 'சந்தேகத்துக்குரிய இடம்' என்றே அறிக்கையில் எழுதி வைக்கிறது.

படிக்கவிடுமுன் தகட்டை வேட்டி நுனியால் வட்டமாகத் தேய்ப்பது வழக்கமெனினும், மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைப்பதே முறை. தடத்தின் வழியே நீளும் கீறலையே பிழைதிருத்தத்தால் தாங்க இயலாது. அதனினும் ஆபத்து, பளபளக்கும் பக்கத்தைக் கண்ணாகக் காத்துவிட்டு மேற்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'ராஜா ஹிட்ஸ்' என்று அழுத்தி எழுதுவது. ஒலியைத் தாங்கும் அலுமினியப் படலம் அந்த மையின் அடியில் மெல்லிய பூச்சு ஒன்றை மட்டுமே காவலாகக் கொண்டிருக்கிறது.

எடுத்த இசையை இழப்பின்றிச் சுருக்கும் 'ஃபிளாக்' வடிவில் சேமிக்கலாம். அரிய தமிழ்த் தகடுகளுக்கு அக்யூரேட்ரிப் கைவிரிப்பதுண்டு. அப்போது சோதனைக்கு ஒருமுறையும் படிக்கு ஒருமுறையும் வாசித்து, இரண்டின் சரிபார்ப்பு எண்களும் ஒத்துள்ளனவா என்று பார்ப்பதே வழி. பாடற்பெயர்களையோ யார் யாரோ தட்டச்சிட்ட தரவுத்தளங்களிலிருந்து ஒரு கேள்வியும் கேளாமல் இம்மென்பொருள் ஏற்றுக்கொள்வதால், ஒரே இளையராஜா ஆங்கில எழுத்து வேறுபாட்டால் மூன்று இசையமைப்பாளர்களாகப் பிரிந்து பட்டியலில் அமர்வார். அவர்களை ஒன்றுசேர்க்கும் பணி பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.